நடுத்தெருவின் நீர்வண்ணம்: மயிலையில் தியானமாக வளர்ந்த ஓவியம்

மதுரைக்காஞ்சி ஓவியரைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்ற சொல்லால் குறிக்கிறது. இச்சொல்லுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், பார்ப்பவரின் கண்ணிடத்தே தம் தொழிலை நிலைபெறச் செய்பவர் என்று பொருள் கூறினார். அது ஓவியத்தைக் காண்பவரின் பக்கம் நின்று சொல்லப்பட்ட உரையாகும். ஓவியர் தம் பார்வையை உள்முகமாகத் திருப்பி, அங்கே தெளிந்த வடிவத்தைப் பின்னர்த் தாளிலோ சுவரிலோ இறக்கிவைக்கும் முறையும் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அம்முறைக்கும் இச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. இருபதாம் நூற்றாண்டில் சென்னையின் தென்பகுதியில், குறிப்பாக மயிலாப்பூரிலும் அடையாற்றிலும், அந்த உள்முக முறை எவ்வாறு உயிர்பெற்றது என்பது தனித்து எழுதப்பட வேண்டிய வரலாறு. சென்னையின் ஓவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேப்பேரியிலுள்ள கலைப்பள்ளியிலிருந்து நேரே ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்திற்குச் சென்றுவிடுகின்றனர். வழியில் இருந்த மயிலை வீடுகள் அவர்களுடைய நூல்களில் அடிக்குறிப்பாகவே இடம்பெறுகின்றன.

கலைப்பள்ளியின் தொடக்கம் வேறு நோக்கம் கொண்டது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் தனி முயற்சியாகத் தொடங்கிய அப்பள்ளி, விரைவில் அரசின் கைக்கு வந்து, மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை, அச்சுப்படம் ஆகியவற்றுக்குத் தேர்ந்த கைவினைஞரை உருவாக்கும் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே வரைதல் என்பது அளந்து வரைதலாகவும், முன்னே வைத்த மாதிரியைப் பிழையின்றிப் படியெடுத்தலாகவும் இருந்தது. பள்ளிக்கு வெளியே, செல்வர்களும் அதிகாரிகளும் தம் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரையச் செய்துகொண்டனர். 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்ற ரவி வர்மாவின் புகழ் அந்த ஆர்வத்தை வளர்த்தது. இவ்விரு வழிகளிலும் ஓவியருக்கு வேலை கொடுப்பவர் ஒருவர் இருந்தார்; ஓவியர் தமக்காக, தம் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்காக வரைவது என்ற கருத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

அக்கருத்து முற்றிலும் புதியதன்று. கோயிற் சிற்பிகளும் ஓவியர்களும் கையாண்டுவந்த தியான சுலோகம் அதற்குச் சான்று. தியான சுலோகம் என்பது ஒரு தெய்வத்தின் நிறம், கைகளின் எண்ணிக்கை, ஏந்திய படைகள், அமர்ந்த நிலை, முகக்குறிப்பு ஆகிய அனைத்தையும் சுருங்கச் சொல்லும் வடமொழிச் செய்யுள்; அதை ஓதி, கண்மூடி, அவ்வடிவம் உள்ளத்தில் முழுமையாக எழும்வரை காத்திருந்து, அதன் பின்னரே கைவினையைத் தொடங்க வேண்டும் என்பது மரபு. கல்லால மரத்தின் கீழ் ஒரு காலை மடித்து மறுகாலை முயலகன்மேல் ஊன்றிச் சின்முத்திரை காட்டும் தட்சிணாமூர்த்தியை ஊர்தோறும் ஒரே வடிவில் காண முடிவதற்குக் காரணம், சிற்பிகள் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துச் செய்தது மட்டுமன்று. எல்லாரும் ஒரே சொல்வடிவத்தைத் தியானித்ததும் ஆகும். காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திரத்தில், ஓவியத்தில் கண்ட பெண்ணை நேரில் காணும் அரசன், அவளுடைய அழகு படத்தில் முழுமையாக இறங்காமைக்கு ஓவியரின் கைத்திறன் குறைந்ததைக் காரணமாகச் சொல்லாமல், அவருடைய ‘சமாதி’ தளர்ந்ததையே காரணமாகச் சொல்கிறான். சமாதி என்பது இங்கே முழுமையான மன ஒருமை. தமிழர் முத்துக் குமாரசுவாமியின் மகனாகக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1934இல் வெளியிட்ட கலை நூலில் தளர்ந்த மன ஒருமையைக் குறிக்கும் இந்தச் ‘சிதில சமாதி’ என்ற சொல்லை முதன்மையான சான்றாக எடுத்துக்கொண்டு, இந்திய ஓவியரின் முறை யோகியின் முறையே என்று நிறுவினார். சற்று மிகையான கூற்றாகத் தோன்றினும், மயிலாப்பூரில் பின்னர் நிகழ்ந்ததைப் பார்க்கும்போது அவர் சொன்னதில் உண்மை உண்டு என்றே கொள்ள வேண்டியுள்ளது.

மயிலாப்பூருக்குத் தெற்கே, அடையாறு ஆற்றின் தென்கரையிலுள்ள அடையாற்றுப் பகுதியில், உலக ஓவிய வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய ஒரு செய்தி இருக்கிறது. சென்னைவாசிகளிலேயே பலர் அதை அறியார். 1882இல் தன் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றிய பிரம்மஞான சபையின் தலைவர்களாகிய அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண்ணங்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் நிறமும் வடிவமும் உண்டு என்று விளக்கும் வண்ணப்பட நூலொன்றை வெளியிட்டனர். இசை எழுப்பும் வடிவங்களுக்கும் அந்நூலில் படங்கள் இருந்தன. புற உலகின் எந்தப் பொருளையும் போல இல்லாத அப்படங்கள், ஐரோப்பிய ஓவியர் சிலருக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டன. உருவமற்ற ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராகிய காண்டின்ஸ்கி, கலையில் ஆன்மிகம் பற்றி 1911இன் இறுதியில் வெளியிட்ட தம் நூலில் பிரம்மஞானிகளின் முயற்சியை எடுத்துக்காட்டினார்; ஹாலந்து ஓவியர் மோண்ட்ரியன் 1909இல் அச்சபையின் உறுப்பினராகவே சேர்ந்தார். ஆலமரம் நிழல்பரப்பிய அடையாற்றுத் தோட்டத்தில் தலைமையகம் கொண்ட சபையின் கருத்துகள், ஓவியத்தைப் புறத்தோற்றத்தின் பதிவிலிருந்து அகத்தின் பதிவாக மாற்றிய பெரிய திருப்பத்தில் பங்குபெற்றன என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சென்னையில் அக்கருத்துகள் உருவமற்ற ஓவியமாக வளரவில்லை. வேறு உருவத்தில் வந்தன. 1915இல் பெசன்ட்டின் அழைப்பின் பேரில் வந்த அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், அவனீந்திரநாத் தாகூர் வழிவந்த வங்கப் பாணி ஓவியங்களைத் தென்னாட்டில் அறிமுகப்படுத்துவதில் முனைந்து உழைத்தார். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரம், நடனத்தோடும் இசையோடும் ஓவியத்தையும் நெசவையும் ஒரே வாழ்க்கைமுறையின் கூறுகளாக இணைத்தது. அங்கே ஆசிரியராகப் பணிபுரிந்த கே. ஸ்ரீநிவாசுலு, லேபாட்சிச் சுவரோவியங்களிலும் தோற்பாவைகளிலும் கண்ட தடித்த கோடுகளையும் அகன்ற கண்களையும் தம் ஓவிய மொழியாக்கிக்கொண்டார்.

மயிலாப்பூரின் கதை கோயிலையும் இசையையும் சுற்றி எழுந்தது. அவ்வூரில் 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு கலைப்பள்ளியில் பயின்றவர். ஆனால் அரசுப் பணிக்கோ உருவப்படத் தொழிலுக்கோ போகாமல் திருவண்ணாமலைக்குச் சென்று, இரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கி, அவரை வரைந்தார். பின்னர் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டி, கோவில்பட்டியில் நிலைபெற்றார். நாட்காட்டிகளுக்காக அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப்படங்கள் தமிழ்நாட்டின் பூசையறைகளை நிறைத்தன. அவற்றை வணிகப்படம் என்று ஒதுக்குவோர், இரமணர் சந்நிதியில் கழிந்த அவருடைய ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்து 1976இல் மறைந்த அம்மனிதருக்கு, படம் தீட்டுவது பிழைப்பாக இருந்ததோடு வழிபாடாகவும் இருந்தது.

1919ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. மயிலாப்பூரில் பிறந்து பிற்காலத்தில் கலைப்பள்ளியின் முதல்வராக உயர்ந்த சிற்பி எஸ். தனபால், நாமக்கல்லில் பிறந்து ‘சில்பி’ என்ற பெயரால் அறியப்பட்ட பி. எம். ஸ்ரீநிவாசன், மயிலை நடுத்தெருவின் ஓவியர் எஸ். ராஜம் ஆகிய மூவரும் அவ்வாண்டில் பிறந்தவர்கள். மூவரும் பயின்றது ஒரே பள்ளியில். மூவருக்கும் முதல்வராக இருந்தவர் 1929 முதல் 1957 வரை அப்பொறுப்பை வகித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரைச் சென்னை மக்கள் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையின் சிற்பியாக அறிவர். ஆனால் அவர் அவனீந்திரநாத்திடம் ஓவியம் பயின்றவர் என்பது இங்கே பொருந்தும் செய்தி.

பொருந்துவதற்குக் காரணம், அவனீந்திரநாத் உருவாக்கிய ‘வாஷ்’ முறை. 1903இல் கல்கத்தாவுக்கு வந்த தைக்கான், ஷுன்சோ என்ற ஜப்பானிய ஓவியர்களைப் பார்த்துக் கற்றதைத் தம் வழியில் மாற்றி அவர் அமைத்த இம்முறையில், மெல்லிய நீர்வண்ணம் ஒன்று தாளில் இடப்பட்டு உலர்ந்தபின், தாள் முழுவதும் நீரில் நனைக்கப்படும். தாள் ஏற்றுக்கொண்ட நிறம் தங்கும், ஏற்காதது கழுவிப்போகும். அதன்மேல் மீண்டும் வண்ணம், மீண்டும் நீர் என்று பலமுறை செய்யும்போது, நிறங்கள் ஒன்றன் மேலொன்றாகப் படிந்து, தாளின் உள்ளிருந்தே ஒளி வருவதுபோன்ற மென்மை உண்டாகிறது. இம்முறையில் அவசரத்திற்கு இடமில்லை. வரைந்ததை ஒவ்வொரு முறையும் தண்ணீரிடம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சியதை ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து தொடர வேண்டும். பற்றை விடுதல் என்று சமய நூல்கள் சொல்வதை, ஓவியர் தம் தாளின் மேலேயே நாள்தோறும் பயில வேண்டிய நிலை அது.

ராஜம் அம்முறையைத் தம் வாழ்நாள் முழுமைக்கும் உரியதாக்கிக்கொண்டார். வழக்கறிஞர் சுந்தரம் ஐயரின் மகனாகப் பிறந்து, பாபநாசம் சிவன் போன்ற இசைவாணர்கள் வந்துபோகும் வீட்டில் வளர்ந்தவர் அவர்; வீணை எஸ். பாலசந்தர் அவருடைய தம்பி. 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமனாகவும், 1943இல் ‘சிவகவி’யில் முருகனாகவும் நடித்த அழகிய இளைஞர், திரையுலகம் தந்திருக்கக்கூடிய வாழ்வை விட்டு, இசைக்கும் தூரிகைக்கும் தம்மை ஒப்படைத்தார். கலைப்பள்ளியில் கற்ற மேலைநாட்டு முறையிலிருந்து அவர் பார்வையைத் திருப்பியவர்களுள் ஒருவர், திருவண்ணாமலையில் தங்கியிருந்த லூயிஸ் தாம்சன் என்ற ஆங்கிலக் கவிஞர். கொண்டையராஜுவின் பாதையில் குறுக்கிட்ட அதே அருணாசல மலை ராஜத்தின் பாதையிலும் குறுக்கிட்டது. மயிலையின் உள்முக ஓவியத்திற்குத் திருவண்ணாமலையே மறைமுகமான ஊற்று என்று சொல்வதற்கு இவ்விரு வாழ்க்கைகளும் இடம் தருகின்றன.

அஜந்தாவும் சித்தன்னவாசலும் அவருக்கு ஆசிரியர்களாயின. புதுக்கோட்டைக்கு அருகே, சமணர் குடைந்த சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் மனிதரும் மீன்களும் யானைகளும் தீட்டப்பட்டுள்ளன. அங்குள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியரின் திருப்பணியைக் குறிக்கிறது. அவ்வோவியங்களில் நிழலும் வெளிச்சமும் உடலைக் காட்டுவதில்லை, கோடே காட்டுகிறது. ஒரே வளைவில் தோளும் கையும் விரல்நுனியும் ஓடி முடிகின்றன. ராஜத்தின் உருவங்களிலுள்ள பாதி மூடிய கண்களும், மெலிந்து நீண்ட விரல்களும், பின்னணியில் கரைந்துபோகும் ஆடைகளும் அக்கோட்டின் வழிவந்தவை. பழைய படத்தைப் படியெடுத்தார் என்று இதைச் சொல்ல முடியாது. இராகத்தின் ஆரோகண அவரோகணத்தைக் கற்றவர் அந்த இராகத்தில் தம்முடைய ஆலாபனையைப் பாடுவதற்கு ஒப்பானது இது.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரத்திற்காகச் சொல்லப்பட்டதன்று. ராஜம் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்தில் பல்லாண்டுகள் பணிபுரிந்த பாடகர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் கோடீசுவர ஐயர் இயற்றிய தமிழ்க் கீர்த்தனங்களைப் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை, அவர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடம் பயின்றவர். ஸ்ரீவித்தை என்னும் தேவி வழிபாட்டு நெறியில் நின்ற தீட்சிதர், தலம்தோறும் கண்ட தெய்வத்தின் வடிவத்தையே பாடலாக்கினார். எனவே அவருடைய கிருதி பாடப்படும்போதே தியான சுலோகமாகவும் நிற்கிறது. நவக்கிரகக் கிருதிகளை ராஜம் ஓவியமாக்கியபோது நிகழ்ந்தது இதுதான்: ஏழு குதிரை பூட்டிய சூரியனின் தேரும், ஒவ்வொரு கோளுக்கும் உரிய நிறமும் ஊர்தியும் படைகளும், முதலில் அவர் குரலில் பலமுறை பாடப்பட்டு, மனத்தில் ஊறி, அதன் பின்னரே தாளுக்கு வந்தன. சிற்பிகள் செய்யுளை ஓதி வடிவத்தைக் கண்டனர். அவரோ பாட்டைப் பாடி வடிவத்தைக் கண்டார்.

ஏழு சுவரங்களையும் அவர் வரைந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம், சட்ஜத்திற்குச் செந்நிறமும் பஞ்சமத்திற்குக் கருநிறமும் நிஷாதத்திற்குப் பலநிறக் கலவையும் என ஒவ்வொரு சுவரத்திற்கும் நிறமும், தெய்வமும், அதே ஒலியை எழுப்பும் உயிரினமும் வகுத்துள்ளது; சட்ஜத்திற்கு உரியது மயில். ஒலிக்கு நிறமும் வடிவமும் உண்டு என்ற எண்ணத்தை ஆற்றின் தென்கரையில் பிரம்மஞானிகள் புதிய கண்டுபிடிப்பாக வெளியிட்ட சில பத்தாண்டுகளுக்குப் பின், வடகரையில் அதே எண்ணம் எழுநூறு ஆண்டுப் பழைய இலக்கண நூலிலிருந்து ஓவியமாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் அடுத்தடுத்த ஊர்களில் நிகழ்ந்தன என்பதே போதுமான வியப்பு. தியாகராசரும் தீட்சிதரும் சியாமா சாஸ்திரியும் ஒருங்கிருக்கும் படமாக இன்று சபைகளிலும் வீடுகளிலும் மாலையிடப்படுவதும் ராஜம் வரைந்ததே. மும்மூர்த்திகளை மனத்தில் நினைப்பவர் பலருக்கு அவர் கண்ட வடிவமே தோன்றுகிறது. தன் காலத்தில் தியானிக்கத்தக்க ஒரு புதிய வடிவத்தை மரபுக்குச் சேர்ப்பது மிகச் சிலருக்கே கைகூடும்.

சில்பியின் வழி வேறு. நாமக்கல் கவிஞரின் ஊக்கத்தால் கலைப்பள்ளிக்கு வந்து, ஓவியர் மாலி சூட்டிய பெயரோடு ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரை வரைந்த அவர், கோயில்களில் நாள்கணக்கில் அமர்ந்து, கற்சிலைகளைப் பேனாக் கோடுகளால் தாளில் எழுப்பினார். நிழற்படக் கருவிக்கு இடமில்லாத கருவறைகளின் முன் அமர்ந்து, விளக்கொளியில் கண்ட மூலவரை அவர் வரைந்த படங்கள், பார்த்ததை வரைவதும் வழிபாடாக முடியும் என்பதைக் காட்டுகின்றன. ராஜம் கண்மூடிக் கண்டதைச் சில்பி கண்திறந்து கண்டார்.

ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாதிக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணத்தில் நிலம் வாங்கி அமைத்த சோழமண்டலம், நிறைய எழுதப்பட்ட பொருள் என்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்லத்தக்கது. 1963 முதல் பணிக்கர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், படிக்க முடியாத மலையாளச் சாயல் எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் கணக்குகளும் ஒரு பழஞ்சுவடியைப்போல் நிரம்பியுள்ளன; கே. வி. அரிதாசன் யந்திரங்களின் முக்கோணத்தையும் வட்டத்தையும் ஓவியத்தின் அடிப்படையாகக் கொண்டார். 1973இல் மறைந்த கே. ராமானுஜம், தம் கனவில் மட்டுமே இருந்த நகரங்களைப் பேனாவால் இழையிழையாகக் கட்டினார். இவர்களும் உள்நோக்கியவர்களே. ஆனால் பணிக்கரும் அரிதாசனும் சுவடியையும் யந்திரத்தையும் நவீன ஓவியத்திற்கு ஒரு மொழியாகப் பயன்படுத்தினர். மயிலையினர் அவற்றின் பயனையே வேண்டினர். இவ்வேறுபாட்டைத் தரவேறுபாடாகக் கொண்டு, முன்னவரை நவீனர் என்றும் பின்னவரைப் படம்போடுபவர் என்றும் பிரித்தது விமரிசனத்தின் பெருங்குறை.

அக்குறையால் மிகுதியும் மறைக்கப்பட்டோர் பெண்கள். விடியலில் வாசல் தெளித்துப் புள்ளியிட்டு, கை எடுக்காமல் இழுத்த கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்வரை மனம் வேறெதிலும் செல்லாமல் காக்கும் கோலம், மயிலை மாடவீதிகளில் தலைமுறைகளாக நாள்தோறும் நிகழ்ந்த ஓவியப் பயிற்சி. மாலைக்குள் அது காலடியில் அழிந்துவிடும். பிற்காலத்தில் தஞ்சாவூர் ஓவியம் வகுப்புகளின் வழியாக இல்லங்களுக்கு வந்தபோது, பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, தங்க ரேக்கை நகைகளின் வடிவில் வெட்டி ஒட்டும் நுண்வேலையில் எண்ணற்ற பெண்கள் தம் பிற்பகல்களைச் செலவிட்டனர். அப்படங்களில் புதிய கற்பனை குறைவு என்பது உண்மையே. எனினும் ஒரு கிருஷ்ணனின் கழுத்து மாலைக்கு மணி மணியாகக் கல் பதித்து முடிக்கும் பொறுமை, கண்காட்சிக் கூடத்தின் அளவுகோலுக்குள் அடங்காத வேறொரு செல்வம்.

ராஜம் 2010ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், தொண்ணூற்றொரு வயது நிறைவதற்குப் பன்னிரண்டு நாள்கள் இருந்தபோது மறைந்தார். அவர் காலத்திலும் அவருக்கு முன்னும் பின்னும் மயிலையிலும் அடையாற்றிலும் தமக்காக வரைந்தவர்களின் தாள்கள் பல வீடுகளில் இன்றும் இருக்கக்கூடும். நீர்வண்ணம் வெயிலில் வெளுக்கும். கடற்காற்றின் ஈரத்தில் தாள் பூசணம் பிடிக்கும். வீடு இடிக்கப்பட்டு அடுக்ககமாகும்போது பரணிலுள்ளவை பழைய தாளோடு சேர்ந்து எடைக்குப் போய்விடும். பாட்டனாரோ பாட்டியோ வரைந்த படம் ஒன்று வீட்டில் இருக்குமாயின், அதைச் சுவரின் ஈரம் படாமல் எடுத்துவைத்து, வரைந்தவரின் பெயரையும் தெரிந்த அளவில் ஆண்டையும் பென்சிலால் பின்புறத்தில் எழுதி வைக்குமாறு இதைப் படிப்போரை வேண்டிக்கொள்வது இக்கட்டுரையின் கடமையாகும்.